தண்டுவடக் காயம்: சொந்த ஸ்டெம் செல் இருக்க, அடுத்தவர் செல் எதற்கு?

“முதுகுத் தண்டுவடம் அடிபட்டவருக்கு அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) வைத்தால் உடல் அதை நிராகரிக்காதே, ஏன் பொருத்தம் பார்த்து வேறொருவர் செல்லைத் தேடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாள் போதாது, அதுதான் காரணம். அடிபட்ட முதல் சில நாட்களில் காயத்தில் அழற்சி கொதிக்கும். அப்போது வைக்கும் செல் பிழைக்காது. தள்ளிப்போட்டால் தழும்பு இறுகி, நரம்பிழை வளர வழி அடைபடும். அதனால்தான் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஒகானோ, நகமுரா குழு நடத்திய ஆய்வில் 14 முதல் 28 நாட்களுக்குள் செல்லை வைத்தார்கள். ஒருவரின் ரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல் (எந்த வகைச் செல்லாகவும் மாறும்படி ஆய்வகத்தில் திருப்பியமைத்த ஸ்டெம் செல்) உண்டாக்கி, அதை நரம்புச் செல்லாக வளரவிருக்கும் முன்னோடிச் செல்லாக மாற்றி, மரபணுக் கோளாறு இல்லையென்று சோதித்து முடிக்கப் பல மாதம் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே தயாரித்து உறையவைத்த செல்தான் கைகொடுக்கும்.

அங்கேதான் பொருத்தம் வருகிறது. எச்எல்ஏ என்பது செல்லின் மேலுள்ள அடையாளப் புரதம், தன் செல்லா அந்நியமா என்று உடல் இதை வைத்து அறியும். அதில் ஒரு தொகுப்பு தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வரும். இரண்டும் ஒன்றாகவே அமைந்தவர்கள் அபூர்வம். அவர்களிடம் எடுத்த செல் பெறுபவருடைய இரண்டு தொகுப்பில் ஏதேனும் ஒன்றோடு ஒத்துப்போனாலே போதும், பெரிதாக அந்நியமாகத் தெரியாது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஐபிஎஸ் செல் ஆய்வு நிலையமான சிரா மையம் இப்படிப்பட்ட கொடையாளர்களைத் தேடிப்பிடித்து, நான்கே வகையில் ஜப்பானியரில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் பொருந்தும் இருப்பை உருவாக்கியது. அந்தக் கணக்கு ஜப்பானுக்கு மட்டும்தான். நம் மக்களின் எச்எல்ஏ பரவல் வேறு, வகைகளும் அதிகம்.

பொருந்திவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. பெறுபவரின் இன்னொரு தொகுப்பு அந்தச் செல்லில் இல்லாததைக் கண்டுகொண்டு இயற்கைக் கொல்லிச் செல்கள் (உடலின் ஒருவகை எதிர்ப்புச் செல்கள்) தாக்கலாம். எனவே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து அவசியம். அந்த மருந்தால் தொற்று எளிதில் பிடிக்கும் என்பதால் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் கண்காணிப்பும் கூடுதலாகத் தேவை. நரம்பு முன்னோடியாக முழுதாக மாறாத செல் கலந்திருந்தால் கட்டியாக வளரும் ஆபத்தும் உண்டு. வைப்பதற்கு முன் காமா செக்ரிடேஸ் தடுப்பான் என்ற மருந்தில் செல்லை ஊறவைப்பது இதற்காகத்தான்: பெருகுவதை நிறுத்தி நரம்பாக முதிரத் தள்ளும்.

கெய்யோ ஆய்வில் ஒருவருக்கு 20 லட்சம் செல், நேரே காயத்தின் நடுவில். முதல் அறுவை 2021 டிசம்பரில். 2025 மார்ச்சில் நால்வரின் முடிவு வந்தது. தண்டுவடக் காயத்தின் கடுமையை ‘ஏ’ (மிக மோசம்) முதல் ‘இ’ (இயல்பு) வரை தரம் பிரிப்பார்கள். தொடக்கத்தில் நால்வரும் ‘ஏ’ நிலை, அதாவது ஆசனவாயைச் சுற்றி உணர்வோ இறுக்கமோ சற்றும் இல்லாதவர்கள். ஒருவர் ‘டி’க்கு ஏறினார், அவரால் நிற்க முடிந்தது, ஒருவர் ‘சி’க்கு ஏறினார், இருவரின் நிலை மாறவில்லை. கடுமையான பக்கவிளைவு இல்லை. ஆனால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ‘ஏ’யிலிருந்து மேலேறுபவர்கள் உண்டு, ஒப்பீட்டுக் குழு இல்லாத நால்வரை வைத்துப் பலன் நிரூபணம் என்று சொல்ல முடியாது.

சொந்தச் செல் முறையும் ஜப்பானில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜைச் செல்லை ஐபிஎஸ் செல்லாக மாற்றாமல், பெருக்க மட்டும் செய்து ரத்தக் குழாய் வழியே ஏற்றுவது. 2018-இல் நிபந்தனையோடு அனுமதி. ஆதாரம் 13 பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதற்கு எழுந்த விமர்சனம் நியாயமே.

இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லைப் பதிவுசெய்த ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம், பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. பல லட்சம் கேட்டு, பழைய காயத்துக்கும் செய்வோம் என்று யாராவது சொன்னால் முதலில் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள்.