கலகமா, மனுவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (கல்லூரி மாணவர், வியாசர்பாடி): இலங்கையில் 2022-இலும் வங்கதேசத்தில் 2024-இலும் மக்கள் திரண்டதும் ஆட்சித் தலைவர்களே நாட்டை விட்டு ஓடினார்கள். எங்கள் தெருவிலோ குடிநீரில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி எத்தனையோ மனு கொடுத்தும் பயனில்லை. மனு கொடுத்துக் காலம் கழிப்பதைவிட, அரசுக்கு எதிராகக் கிளர்ந்து எழுவதே சரியல்லவா?

பதில்: உங்கள் கோபத்தில் குறை காண மாட்டேன். குழாயைத் திறந்தால் சாக்கடை நாற்றம் அடிக்கும் தெருவில் குடியிருப்பவருக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பதுதான் கடினம். ஆனால், நீங்கள் காட்டும் இரண்டு உதாரணங்களையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் 2022 ஜூலை 9 அன்று மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள்; ஜூலை 14 அன்று கோத்தபய ராஜபக்ச பதவி விலகினார். ஆனால், அவருடைய இடத்துக்கு ரணில் விக்ரமசிங்கவை ஜூலை 20 அன்று தேர்ந்தெடுத்தது அதே பழைய நாடாளுமன்றம்தான். காலிமுகத்திடலில் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள் கேட்ட மாற்றத்தின் ஒரு பகுதியாவது கைக்கு வந்தது 2024 செப்டம்பர் தேர்தலில். அதில் வென்ற அனுர குமார திசாநாயக்கவின் கட்சி எது என்று பாருங்கள். ஜனதா விமுக்தி பெரமுன 1971-இல் ஒரு முறையும், 1987 முதல் 1989 வரை மறுமுறையும் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய கட்சி. இரண்டு முறையும் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கிராமத்து இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். துப்பாக்கியைக் கொண்டு இரண்டு முறை முயன்றும் எட்டாத பதவியை, அந்தக் கட்சி வாக்குச்சீட்டைக் கொண்டு அடைந்தது. வங்கதேசத்தில் ஷேக் ஹசீனா 2024 ஆகஸ்ட் 5 அன்று வெளியேறினார் என்பது உண்மை. அந்த ஜூலை, ஆகஸ்ட் கிளர்ச்சியில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. இறந்தவர்களில் உங்கள் வயதினர் ஏராளம்.

எரிக்கா செனோவத், மரியா ஸ்டீபன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆயுதம் ஏந்தாத இயக்கங்களில் பாதிக்குச் சற்று மேல் வென்றன. ஆயுதம் ஏந்தியவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே வென்றது. அண்மைக் காலத்தில் அமைதிவழி இயக்கங்களின் வெற்றியும் குறைந்துவருகிறது என்று செனோவத்தே எழுதியிருக்கிறார். எனவே இந்தக் கணக்கை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், அதன் காரணம் நமக்குப் பயன்படும். துப்பாக்கி தூக்கச் சிலரே வருவார்கள். கைக்குழந்தைக்காரியும், ஓய்வூதியம் வாங்குகிறவரும், அரசு ஊழியரும் சேர்ந்து வரக்கூடிய போராட்டம் ஆயுதமில்லாத போராட்டம் மட்டுமே.

இதற்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெரம்பூரில், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பக்கிங்காம், கர்நாட்டிக் துணி ஆலைகளின் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து வாடியாவும் திரு.வி.க.வும் வளர்த்த சங்கம் அது. ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாது என்று சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதே நஷ்டஈட்டு வழக்குக்கு உரிய தவறு என்ற நிலை. 1921 மே மாதம் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. பசி ஒரு பக்கம் நெருக்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, ஆகஸ்டில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது.

அது ஏன் தோற்றது என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில். தொழிலாளர்களிடம் கல்லும் தடியும் இல்லாததால் தோற்கவில்லை. அவை இரு தரப்பிலும் தாராளமாக இருந்தன. நிர்வாகத்தின் மீது திரும்பியிருந்த கோபம் பக்கத்துச் சேரியின் மீது திரும்பிய அன்றே சங்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. வன்முறை தொடங்கும்போது அதன் இலக்கை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது கைக்கு எட்டுகிற எளியவர் மீதே விழுகிறது; கோட்டையில் இருப்பவரை அது எட்டுவதில்லை.

கதை அதோடு முடியவில்லை. அந்தத் தடையாணை எழுப்பிய பரபரப்பால், தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921-இலேயே மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தொடர்ந்து வற்புறுத்தியதன் பலனாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட வழக்கிலிருந்து பதிவு பெற்ற சங்கங்களுக்கு அது பாதுகாப்புத் தந்தது. ஐந்து ஆண்டுகள் ஆயின. அது நீண்ட காலம்தான். மாநகராட்சி மண்டலம் ஒன்றுக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர் இருப்பதை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆலை வாசல் கூட்டங்கள் தெரியும் என்பது வேறு விஷயம்.

அமைதிவழி என்றால் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று நாம் நினைத்துவிட்டதுதான் கோளாறு. வடசென்னைப் பெண்களுக்கு அந்த மயக்கம் என்றுமே இருந்ததில்லை. கோடைக்காலத்தில் பிளாஸ்டிக் குடங்களைச் சாலையின் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு உட்காருவார்கள். மாநகரப் பேருந்து நிற்கும். ஆம்புலன்ஸ் வந்தால் இரண்டு குடங்கள் நகர்ந்து வழி கொடுக்கும். இன்ஸ்பெக்டர் வருவார், பிறகு உதவிப் பொறியாளர் வருவார், மாலைக்குள் தண்ணீர் லாரி வந்துவிடும். இதில் எனக்கு உள்ள குறை ஒன்றே: லாரி வந்ததும் குடங்கள் கலைந்துவிடுகின்றன. பழுதான குழாயை எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது.

அதற்கு முன்பாகவே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், பத்து ரூபாய் கட்டணத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம் ஒன்றைப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 'தண்ணீர் ஏன் நாறுகிறது' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். எங்கள் தெருக் குழாய் பதிக்கப்பட்ட ஆண்டு எது, கடந்த ஆறு மாதங்களில் இந்தத் தெருவில் எந்தெந்தத் தேதிகளில் குடிநீர் மாதிரி எடுக்கப்பட்டது, அவற்றின் ஆய்வு முடிவுகளின் நகல் எங்கே என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அந்தத் தாள் கையில் இருக்கும்போது நடக்கும் மறியலின் பலமே வேறு.

கேள்வி (ஆசிரியை, திருவொற்றியூர்): குடியரசான பின் சத்தியாகிரகமும் வேண்டாம் என்று அம்பேத்கரே சொல்லியிருக்கிறாரே? அப்படியானால் மறியலும் தவறுதானே?

பதில்: 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அவர் அவ்வாறு சொன்னார். அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும் இடத்தில் ரத்தப் புரட்சிக்கு மட்டுமல்ல, சட்ட மறுப்புக்கும் நியாயம் இல்லை என்பது அவருடைய கருத்து. ஆனால், அந்த நிபந்தனையை விட்டுவிட்டு அவரை மேற்கோள் காட்டுகிறவர்களே அதிகம். வழி திறந்திருக்கிறது என்று அரசு சொன்னால் போதாது, தட்டுகிறவருக்கு அது திறக்க வேண்டும். மகாத் நகரின் பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927-இல் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றவரும் அவர்தான். மேலும், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக நெடுநாள் நீடித்தால், துன்புறுகிறவர்கள் ஜனநாயக அமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்று அதே உரையில் ஆட்சியாளர்களுக்கும் எச்சரிக்கை விடுத்தார். மக்களுக்குச் சொன்ன பாதியை மட்டும் படித்துவிட்டு, அரசுக்குச் சொன்ன பாதியை மடித்து வைப்பது நேர்மையாகாது. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. அளவோடு நடக்கும் மறியலை நான் அந்த உரிமையின் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன். சட்டம் வழக்குப் போடலாம். அதற்கும் தயாராகத்தான் உட்கார வேண்டும்.

கேள்வி (மீனவர், எண்ணூர்): அமைதியாக இருந்தவர்களையே சுட்டால் என்ன செய்வது? தூத்துக்குடியை மறக்க முடியுமா?

பதில்: மறக்கக் கூடாது. 2018 மே 22 அன்று, தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு எந்தத் தத்துவமும் ஈடாகாது. ஆனால், அதற்குப் பிறகு அந்த ஊர் மக்கள் ஆயுதம் தேடிப் போகவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆலை அந்த மாதத்திலேயே மூடப்பட்டது. நிர்வாகத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு அருணா ஜெகதீசன் ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை அரசு விரைந்து நிறைவேற்றாததுதான் இன்றும் ஆறாத புண்.

உங்கள் ஊரிலும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். பல வாரங்கள் பந்தலில் உட்கார்ந்தீர்கள், தொழிற்சாலை மூடப்பட்டது, அடுத்த ஆண்டே மீண்டும் இயங்கத் தொடங்கியது. இதை முழு வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால், அந்தப் பந்தலிலிருந்து ஒரு கல் பறந்திருந்தால், விசாரணை கசிவைப் பற்றியதாக இருந்திருக்காது, கல்லைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

கேள்வி (காசிமேட்டு வாசகர்): போராட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கட்டாயமா?

பதில்: சென்னையில் ஆம். 1888-ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41-ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் நகல் வாங்குங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் ரிட் மனுவுக்கு வலு கூடும்.