ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை: கேள்வி பதில்

அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலைகளில், தங்கள் காரைத் தாங்களே பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இதுபோல வகுப்பு தொடங்க நினைக்கிறவர்களும், வகுப்பில் சேர நினைக்கிறவர்களும் கேட்டவை இவை.

கேள்வி (மெக்கானிக், திருச்சி): அண்ணே, சொல்லிக்கொடுக்க எந்த வண்டியை வாங்கி நிறுத்தலாம்?

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய மாருதி 800. 1983 முதல் 2014 வரை விற்ற வண்டி, பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானட்டைத் திறந்தால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். இன்றைய வண்டிகள் பலவற்றில் திறந்ததும் தெரிவது ஒரு பிளாஸ்டிக் மூடிதான். அதோடு ஓடாத இன்ஜின் ஒன்றும் வேண்டும். சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பில்லோடு வாங்குங்கள். கெடுத்தாலும் பரவாயில்லை என்று ஒரு பொருள் இருந்தால்தான் பழகுகிறவர்களுக்குப் பயம் விடும்.

கேள்வி (பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்): ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம் சார்?

ஒரு வண்டிக்கு நான்கு பேர். ஐந்தாவது ஆள் டார்ச் பிடிக்கத்தான் வருவார்.

கேள்வி (சேர விரும்புகிறவர், தாம்பரம்): முதல் நாளிலேயே இன்ஜினைத் தொட விடுவீர்களா?

மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் முழுக்க வண்டியைத் தூக்குவதும் இறக்குவதும்தான். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சீல் விட்டுப்போனால் வண்டி கீழே வந்துவிடும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு வைக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. அவை வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. மாருதி 800-இல் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி அந்தரத்தில் தொங்குகிறது. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்ட பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியை இரு கையாலும் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்கச் சொல்வேன். விழுவதென்றால் ஆள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைப்போம், ஒரு காப்புக்கு.

கேள்வி (மெக்கானிக், மதுரை): மாணவர் பொருளைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

கெடுக்கத்தான் செய்வார்கள். தொடங்கிய புதிதில் ஒருவர் ஸ்பார்க் பிளக்கைச் சாய்வாக வைத்து ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டார். பிளக் இறங்கும் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) மென்மையான அலுமினியம், பிளக் இரும்பு. மரை போய்விட்டது. அவர் முறுக்கும்போது நான் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன், ஆகவே செலவு என்னுடையது. அன்றிலிருந்து பிளக்கின் மேல்முனையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிக் கொடுக்கிறேன். அதைப் பிடித்து விரலால் திருக வேண்டும். மரை சரியாகப் பிடிக்காவிட்டால் குழாய் வழுக்கிவிடும், சேதம் இல்லை. கையால் முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பேனர். வாஷர் வைத்த புது பிளக் என்றால் அதற்கு மேல் சுமார் அரைச் சுற்று. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. மாணவர் தடுமாறும்போது ஸ்பேனரைப் பிடுங்கி நாமே செய்துவிடத் தோன்றும். எனக்கு இன்னமும் கை அரிக்கும். பாக்கெட்டில் விட்டுக்கொள்வேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், வேலூர்): எனக்கு 61 வயது. மணிக்கட்டில் பலம் இல்லை. வந்து பயன் உண்டா தம்பி?

தாராளமாக வாங்கம்மா. பலம் கையில் இல்லை, கைப்பிடியின் நீளத்தில் இருக்கிறது. துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்து, நீளமான கைப்பிடி போட்டால் கழலும். ஆனால் இறுக்கும்போது அந்த நீளம் வேண்டாம், போல்ட் முறிந்துவிடும். போல்ட்டை முறிப்பவர்கள் பெரும்பாலும் பலசாலி இளைஞர்கள்தான்.

கேள்வி (சேர விரும்புகிறவர், ஆவடி): பிரேக் வேலை கற்றுத் தருவீர்களா?

ஐந்தாவது வாரத்தில். பட்டறை வண்டியில் மட்டும்; செய்து முடித்ததை நான் சரிபார்த்த பிறகே வண்டி நகரும். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வெகுநாள் திறந்து கிடந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்): காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. அது போதாதா?

அது எங்கே வலி என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. பி0171 என்ற குறியீடு வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்றுதான் பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு வந்த ஒருவர் வண்டியில், காற்றுக் குழாய் கிழிந்திருந்தது. எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயரை மட்டும் யாரும் தொடாதீர்கள். அது உயர் அழுத்த மின்சாரம்; நானும் அதை வகுப்பில் எடுப்பதில்லை.

கேள்வி (பட்டறைக்காரர், கோவை): எல்லோரும் கற்றுக்கொண்டால் நம் பிழைப்பு என்னாகும்?

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்னும் என்னிடம்தான் சர்வீஸுக்கு விடுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், "ஏதோ சத்தம் வருது" என்று சொல்வதில்லை. "இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரத்தில் டக்டக் என்கிறது" என்கிறார்கள். எனக்கு அரை மணி நேரம் மிச்சம்.

கேள்வி (மெக்கானிக், திருச்சி, மறுபடியும்): அண்ணே, டூல்ஸ் காணாமல் போகாதா?

போகும். பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் வரைந்து வைத்திருக்கிறேன். எல்லா உருவமும் நிறைந்தால்தான் வண்டியை ஸ்டார்ட் செய்ய விடுவேன். ஒருமுறை 10-11 அளவு ஸ்பேனர் மட்டும் குறைந்தது. முக்கால் மணி நேரம் தேடியதில், பேட்டரி தட்டுக்கு அடியில் கிடந்தது.