பன்னிரண்டாவது வார ஸ்கேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடலின் எதிர்ப்புச் செல்களை ஏவிப் புற்றை அடக்கும் வழிக்காக ஜேம்ஸ் அலிசன் 2018-ல் நோபல் வாங்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எலியில் புற்றுக்கட்டி மறைந்ததை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1996. அதிலிருந்து வந்த இபிலிமுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2011. பதினைந்து வருஷம்! கீமோ விற்கும் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, உண்மையா?
கா.

அன்புள்ள கா.,

யாரும் அமுக்கவில்லை. தயங்கியவர்கள் உண்டு. பல கம்பெனிகள் கைவிரித்த பிறகு மெடாரெக்ஸ் என்ற சிறிய நிறுவனம்தான் எடுத்துக்கொண்டது. மனித ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகள் அவர்களிடம் இருந்தன. மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கும்போதே 2000 வாக்கில் ஆகிவிட்டது. அதற்குப் பிறகான தாமதத்தில் பெரும்பங்கு, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் அளவுகோலுடையது.

1994 கடைசியில் பெர்க்லியில், அலிசனின் ஆய்வகத்தில் டானா லீச் எலிகளுக்குப் புற்றுசெல்களை ஏற்றி, ஒரு பகுதிக்கு மட்டும் சிடிஎல்ஏ-4ஐ மறிக்கும் ஆன்டிபாடி போட்டார். சிடிஎல்ஏ-4 என்பது, உடலின் எதிர்ப்புச் செல்களில் ஒன்றான டி செல்லின் பிரேக். முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்ததால் மறுபடி செய்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை, எந்தக் கூண்டுக்கு எது போட்டது என்று தெரியாமல் அலிசனே கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கூண்டிலும் கட்டி வளர்ந்தது. பிறகுதான் பாதி எலிகளில் நின்றது, சுருங்கியது.

முதலில் வளரும் என்பது அப்போதே கண்ணில் பட்ட விஷயம். மனிதச் சோதனைக்குப் போனபோது அது கணக்கில் வரவில்லை!

கீமோ செல்லை நேராகக் கொல்லும். அதற்கென்று வகுத்த விதி இது: கட்டிகளின் நீளங்களைக் கூட்டு, இருந்ததிலேயே குறைந்த அளவைவிட 20 சதவீதம் கூடினாலோ, புதுக் கட்டி தெரிந்தாலோ நோய் முற்றிவிட்டது. இபிலிமுமாப் கட்டியைத் தொடுவதே இல்லை. டி செல்கள் பெருகிக் கட்டிக்குள் நுழைய வாரக்கணக்கில் ஆகும். பன்னிரண்டாவது வார ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால், புற்று வளர்ந்ததா, நுழைந்த டி செல்களால் வீங்கியதா? படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியில் சோதனை நடுவிலேயே இலக்கை மாற்றினார்கள்: கட்டி சுருங்கியதா என்பதை விட்டு, நோயாளி எவ்வளவு காலம் இருந்தார் என்று பார்த்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கும் காலம் நீண்டது. 2010-ல் வந்த முடிவு 676 மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) நோயாளிகளுடையது. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு டோஸ். இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 10.1 மாதம், ஒப்பீட்டுக்கு வைத்த புற்றுத் தடுப்பூசியில் 6.4. அற்பமாகத்தான் தெரியும். பின்னால் 1861 பேரின் தரவைச் சேர்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூன்று வருஷத்தைத் தாண்டியிருந்தார். அதன்பின் உயிரோடு இருப்பவர்களைக் காட்டும் கோடு கிட்டத்தட்டச் சமமாகவே ஓடியது.

விலையும் உண்டு. பிரேக் இல்லாத டி செல் குடலையும் தாக்கும். அந்தச் சோதனையில், தடுப்பூசிக் குழுவையும் சேர்த்து, மருந்து தொடர்பான சாவு 14. வயிற்றுப்போக்கை "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டு மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தால் குடலில் ஓட்டையே விழலாம். நேரத்தோடு ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை மருத்துவர்களும் படிப்படியாகத்தான் கற்றார்கள்.

ஸ்கேன் விதிக்கும் 2009-ல் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது: கட்டி வளர்ந்ததாகத் தெரிந்தால், குறைந்தது நான்கு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன். ஆனால் வளர்ந்ததாகத் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை நிஜமாகவே வளர்ந்தவை. வாட்ஸாப்பில் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.