தொட்டி வழிந்தால் யாருக்கு போன் போக வேண்டும்? சென்சார் பற்றிய கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிகளில் சென்சார் பொருத்துவதும் பராமரிப்பதும் என் தொழில்.

கேள்வி (அணைக்கட்டு, பெண் வார்டு உறுப்பினர்): சார், எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி ஒரு நாள் நிரம்பி வழிகிறது, மறுநாள் காலியாகக் கிடக்கிறது. சென்சார் போட்டால் சரியாகுமா?

பாதி சரியாகும் அம்மா. மீதிப் பாதி டேங்க் ஆபரேட்டர் கையில் இருக்கிறது. சென்சார் நீர்மட்டத்தை அளந்து போனுக்குத் தகவல் அனுப்பும், மோட்டாரை நிறுத்த வேண்டியது அவர்தான். முதலில் அவரிடம் எந்த போன் இருக்கிறது என்று பாருங்கள். பட்டன் போன் என்றால் ஆப் வேண்டாம், எஸ்எம்எஸ் போதும். அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இதைப் பேசாமல் கருவி வாங்கிய ஊர்களில் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது, தண்ணீரும் ஒழுங்காக வழிந்துகொண்டிருக்கிறது. பார்க்கவே வேதனையாக இருக்கும்.

அப்புறம் நம் ஊர் வெயில். மலிவான கருவிகள் தொட்டியின் மேலிருந்து ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து அளக்கின்றன. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355 மீட்டர். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத கருவி, 40 டிகிரியில் தனக்கும் தண்ணீருக்கும் உள்ள மூன்று மீட்டர் இடைவெளியைப் பத்து சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். அதாவது இல்லாத தண்ணீரை இருப்பதாகச் சொல்லும். மூடிய தொட்டிக்குள் நீராவி படிந்தாலும் அளவு தவறும். கொஞ்சம் கூடச் செலவானாலும், தொட்டியின் அடியில் கிடந்து நீரின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி (வாலாஜா): எங்கள் கிணற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறதா என்று சென்சாரில் தெரியுமா?

தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் கிணற்றில் இருக்கிறதா என்று இருநூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும். இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. குரோமியத்தை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் எப்போது மாதிரி எடுப்பது என்பதைச் சென்சார் சொல்லும். மின்கடத்துதிறன் சென்சாரை (நீரில் உப்பு கூடினால் இதன் அளவு ஏறும்) கிணற்றில் தொங்கவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை பதியச் செய்யுங்கள். சில நாள் இரவில் மட்டும் அளவு திடீரென ஏறினால், அந்த நேரத்தில் பாட்டிலில் பிடித்து, தேதியும் மணியும் எழுதி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பாலாற்றங்கரை மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் பெற்ற தீர்ப்பு, மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தேதியோடு கூடிய ஆதாரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி (விரிஞ்சிபுரம்): 2021 நவம்பரில் வந்ததுபோல் பாலாற்றில் வெள்ளம் வந்தால் முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கருவி உங்கள் ஊரில் இல்லாமல், ஆறு உங்களுக்கு முன்னால் கடந்து வரும் ஊர்களில் இருந்தால். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரம் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வருகிறது. மோர்தானா அணை நிரம்பினால் கவுண்டன்ய மகாநதியும் குடியாத்தம் வழியாக வரும். அந்த ஊர்களின் பாலங்களுக்கு அடியில், நீரைத் தொடாமல் மேலிருந்தே அளக்கும் ரேடார் நீர்மட்டக் கருவி பொருத்தினால் உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஆற்றுக்குள் எதையும் வைக்காதீர்கள், அடித்துக்கொண்டு போய்விடும். நள்ளிரவில் எஸ்எம்எஸ் யாரையும் எழுப்பாது. கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யார் அறிவிப்பது என்று கிராம சபையில் பேசி வையுங்கள்.

கேள்வி (இலவம்பாடி): முள்கத்தரிக்கு மண் ஈர சென்சார் பயன்படுமா?

பயன்படும். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான வகை வேண்டாம், சீக்கிரமே அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகையை வேர்ப் பகுதியில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று எனப் புதையுங்கள். கீழே உள்ளதும் ஈரம் காட்டினால் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): தெருவெல்லாம் கேமரா வைப்பது நல்லதுதானே?

கால்வாய் அடைப்பையோ குப்பைத்தொட்டி நிரம்புவதையோ அறிய கேமரா தேவையில்லை, முகம் பதியாத சென்சாரே போதும். கேமராதான் வேண்டும் என்றால், பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணா, எங்கள் தெருவுக்கு நாங்களே இப்படி ஒன்று செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோவுக்கு இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமம் இல்லாமலே கிடைக்கிறது. சென்சார்களின் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே ஒன்றை உயரமான மாடியில் வைத்தால், வெட்டவெளியில் சில கிலோமீட்டர் வரை எட்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் சிம் வேண்டாம், அந்தச் செலவு கேட்வேயோடு முடிந்துவிடும். ஒரே ஒரு தொட்டியில் தொடங்கி, ஒரு கோடை முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகு பேட்டரி மாற்றத் தெருவில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அப்புறம் இரண்டாவது தொட்டிக்குப் போங்கள்.