வாசகர் கேள்வி: ‘அந்த நாள்’ அன்றே செய்ததுதானா?

கேள்வி: ஐயா, பினாங்கில் ‘மகாராஜா’ படம் பார்த்துவிட்டு வந்த என் மகன், காலத்தை முன்பின்னாகக் கலைத்துக் கதை சொல்வது தமிழுக்குப் புதிது என்கிறான். ‘அந்த நாள்’ அதை அன்றே செய்துவிடவில்லையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: செய்துவிட்டது; ஆனால் வேறு நோக்கத்துக்காக. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படம், வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுவதில் தொடங்கி, சந்தேகத்துக்குரியோர் ஒவ்வொருவரும் துப்பறியும் அதிகாரியிடம் சொல்லும் கதைகளாகப் பின்னோக்கிச் செல்கிறது. காலம் மாறுவது நமக்குத் தெரியும். யாரை நம்புவது என்பதுதான் தெரியாது. நித்திலன் சாமிநாதனின் 2024ஆம் ஆண்டுப் படமோ, காலம் மாறுவதையே நம்மிடமிருந்து மறைக்கிறது. இரும்புக் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று முடிதிருத்துநர் ஒருவர் காவல் நிலையத்தில் மன்றாடும்போது, காவலர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் நம்மைக் கூச வைப்பதில்தான் அந்தப் பழிவாங்கும் கதை வலுப்பெறுகிறது. (முடிவைச் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டில் இன்னும் பார்க்காதவர் இருக்கக்கூடும்.)

துணிவைப் பொறுத்தவரை என் வாக்கு பழையதற்கே. பாட்டுக்காகவே கூட்டம் திரண்ட காலத்தில், ஒரு பாடல்கூட இல்லாமல், சிவாஜி கணேசனை நாயகன் என்று சொல்லத் தயங்கும் வேடத்தில் நிறுத்தி எடுத்த படம் அது. மகனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.