மழைக்குப் பின் மஞ்சளான புல்தரை: யூரியா போடலாமா?

இப்போதைக்கு யூரியா போடாதீங்க. மன்னார்குடிப் பக்கம்னு சொல்றீங்க, களிமண்ணாத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணி நின்னு மண் இறுகி, வேருக்குக் காத்து போகலைன்னா தை பிறந்தும் புல் மஞ்சளாத்தான் நிக்கும்.

ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்க. நாலு விரல்கடை இறங்கலைன்னா மண் இறுகினதுதான் காரணம். ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி மோந்தும் பாருங்க. வேர் பழுப்பாகி, சாக்கடை வாடை அடிச்சா வேர் அழுகல். முதல்ல தண்ணி வடிய வழி பண்ணணும்.

மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், கூரான கம்பியால் சாண் இடைவெளியில் குத்தி, அந்தக் குழிகளில் மணலும் நல்லா மக்கின எருவும் கலந்து நிரப்புங்க. பச்சைத் தளிர் கண்ணில் பட்ட பிறகு உரத்தைப் பத்தி யோசிக்கலாம்.

போர் தண்ணியா பாய்ச்சுறீங்க? காய்ஞ்ச இடத்தில் வெள்ளையா உப்புப் பூத்திருந்தா இந்த வைத்தியம் போதாது, தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்துடுங்க.