நில அதிர்வுத் தரவு ‘தரமானது’ என்றால் என்ன?
எண்ணெய் தேடும் கப்பல் கடலில் ஒலி எழுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதியும். அதுதான் நில அதிர்வுத் தரவு. எதிரொலி இரைச்சலை மீறித் தெரிகிறதா என்பதே தரம். திருகோணமலைப் படகுகளில் மீன் காட்டும் கருவி இருக்கிறதல்லவா? கடல் கொந்தளித்தால் திரை முழுக்கப் புள்ளிகள். மீன் எது, குமிழி எது? நில அதிர்வுத் தரவில் பெரிய தலையிடி, கடல்மட்டத்துக்கும் கடலின் அடித்தளத்துக்கும் இடையே மோதி மோதி வரும் போலி எதிரொலி. இல்லாத அடுக்கை இருப்பதாகக் காட்டிவிடும்.

நுணுக்கமும் வேண்டும். பாறையில் ஒலி செக்கனுக்கு 3000 மீற்றர் ஓடி, அதிர்வெண் 30 ஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீற்றர். அதில் கால்வாசியை, அதாவது 25 மீற்றரை விட மெல்லிய அடுக்கின் மேலும் கீழும் பிரிந்து தெரியாது.

படம் தெளிவென்றால் எண்ணெய் நிச்சயம் என்று நினைக்காதீர்கள்: மன்னார்ப் படுகையில் வாயு இருப்பது 2011இல் கிணறு துளைத்த பிறகுதான் உறுதியானது.